கீரிக்கும் மைனாவுக்கும் எதற்குத் தீனி?

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், ஓடைக்கரையில் பட்டுப்போன பெரிய மரம் ஒன்று இருந்தது. அதன் பொந்துதான் அந்தக் காட்டின் பொதுக் களஞ்சியம். விலங்குகள் எல்லாம் தாம் சேர்த்த பழம், கிழங்கு, கொட்டையில் ஒரு பங்கை வரியாகக் கொண்டுவந்து அதில் போடும்.

மர உச்சியில் அமர்ந்து, செந்நாய்கள் வந்தால் கூவி எச்சரிக்கும் குரங்குகளுக்கு அதிலிருந்துதான் தீனி. கோடையில் பசித்திருப்பவர்களுக்கும் அதிலிருந்துதான் தீனி.

வரி வாங்கும் வேலையை மைனாவும் கீரியும் பார்த்தன. யார் எவ்வளவு தர வேண்டும், யார் தர வேண்டியதில்லை என்று மைனா களஞ்சிய வாசலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லும். யாராவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று கீரி வளை வளையாகப் போய்ப் பார்க்கும். இந்த வேலைக்காக இரண்டுக்கும் களஞ்சியத்திலிருந்து தினமும் தீனி உண்டு.

அந்தக் காட்டிலேயே காட்டுப்பன்றியிடம்தான் கிழங்கு அதிகம். ஆனால் கொடுக்க மனம் வராது. கீரி வந்து நிற்பதால் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கும்.

ஒருநாள் அது நரியைக் கூப்பிட்டது. "நரியாரே, இந்தக் கீரியின் தொல்லை தாங்கவில்லை. அதை ஒழித்துக்கட்டினால் உமக்கு வயிறு நிறையக் கிழங்கு தருகிறேன்" என்றது.

நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, விலங்குகள் கூடியிருந்த இடத்துக்குப் போனது. காட்டின் தலைவரான காட்டெருமை நடுவில் நின்றிருந்தது.

"தலைவரே! நாம் பாடுபட்டுச் சேர்த்ததைக் கீரியும் மைனாவும் உட்கார்ந்து தின்கின்றன. அவை கிழங்கு தோண்டினவா? பழம் பறித்தனவா? அந்தத் தீனியை நிறுத்தினால் அவ்வளவும் நமக்கு மிச்சம்தானே?"

"அதானே!" என்று எல்லா விலங்குகளும் தலையாட்டின. கீரி வந்து மோப்பம் பிடிப்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

மைனா முன்னால் வந்தது. "எங்களால் வெளியே போகும் தீனியைச் சொல்கிறீர்கள். எங்களால் உள்ளே வரும் தீனியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்" என்றது.

யாரும் கேட்கவில்லை. தீனி நின்றது.

அன்றிலிருந்து மைனாவும் கீரியும் பொழுதெல்லாம் இரை தேடி அலைந்தன. பொழுது சாயும் நேரத்தில்தான் மைனா களஞ்சிய வாசலுக்கு வரும். அதற்குள் அங்கே பெரிய வரிசை நிற்கும். முள்ளம்பன்றி கால் கடுக்க நின்று பார்த்துவிட்டு, கொண்டுவந்த பழத்தோடு வீடு திரும்பியது.

முயலுக்கு அப்போதுதான் குட்டிகள் பிறந்திருந்தன. என்ன தர வேண்டும் என்று கேட்க வந்தபோது வாசலில் ஒருவரும் இல்லை. பயந்துபோய், தன்னிடம் இருந்த கிழங்கு முழுவதையும் பொந்தில் போட்டுவிட்டுப் போனது. பிறகு குட்டிகளோடு பட்டினி கிடந்தது.

காட்டுப்பன்றியோ ஒரு கிழங்குகூடத் தரவில்லை. அதைப் பார்த்து மற்றவையும், "பன்றியே தரவில்லை, நாம் மட்டும் ஏமாளிகளா?" என்று கையை இறுக்கிக்கொண்டன.

கோடை வந்தது. களஞ்சியத்தில் அடிமட்டம் தெரிந்தது. பசி தாங்காத குரங்குகள் காவலை விட்டு, அத்திப்பழம் தேடிப் போய்விட்டன. கூவி எச்சரிக்க ஆளில்லை. ஒரு காலையில் செந்நாய்கள் ஓடைக்கே வந்துவிட்டன. மான்குட்டி ஒன்று காது கிழிந்து, மயிரிழையில் தப்பியது.

விலங்குகள் பதறிப்போய்க் கூடின.

"இதற்கு ஏன் கவலை? எல்லோரும் இனி இரண்டு பங்கு வரி தரட்டும்!" என்றது நரி.

முயல் எழுந்தது. "குட்டி போட்டவள் வரியே தர வேண்டாமாம், தலைவரே. நேற்றுத்தான் மைனா சொல்லித் தெரிந்தது. அதற்குள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். கொடுத்தவர்களிடமே மறுபடியும் கேட்கிறீர்கள். கொடுக்காதவர்களிடம் யார் போய்க் கேட்பது?"

காட்டெருமை கீரியைப் பார்த்தது. அது எலும்பும் தோலுமாக நின்றது.

"நீ பன்றியிடம் போகவில்லையா?"

"போனேன், தலைவரே. அதன் குகை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பாதி வழியில் பசி மயக்கம் வந்துவிட்டது. திரும்பிவிட்டேன்."

"முதலில் இவர்கள் இருவருக்கும் தீனி கொடுங்கள்" என்றது காட்டெருமை.

"இருப்பதே கொஞ்சம்! அதையுமா?" என்று நரி கத்தியது.

"அதையும்தான்!"

கீரியும் மைனாவும் வயிறாரத் தின்றன. மறுநாளே மைனா பன்றியின் குகை வாசலில் போய் அமர்ந்தது.

"பன்றி அண்ணே, இந்த வருஷம் உங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையாமே?"

"ஆமாம் தங்கச்சி. புல்லைத் தின்று உயிரை வைத்திருக்கிறேன்" என்று பன்றி ஏப்பத்தை அடக்கிக்கொண்டு சொன்னது.

"அடடா! ஒன்றும் இல்லாதவர் வரி தர வேண்டாம். களஞ்சியம்தான் அவருக்குத் தர வேண்டும். இதோ, கொண்டுவந்திருக்கிறோம்!"

பின்னால் காட்டெருமை ஒரு பெரிய பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு வந்தது. கீரியும் கூடவே வந்தது. பழத்தின் வாசனை பன்றியின் மூக்கைத் துளைத்தது.

"வாசலிலேயே வைத்துவிட்டுப் போங்கள்."

"வாசலில் வைத்தால் குரங்குகள் தூக்கிப் போய்விடுமே. உள்ளேதான் வைக்க வேண்டும். வேண்டாமென்றால் சொல்லுங்கள், முள்ளம்பன்றிக்குக் கொடுத்துவிடுகிறோம்."

"யார் வேண்டாமென்றது? கொஞ்சம் பொறுங்கள்!" பன்றி உள்ளே ஓடியது. சரசரவென்று இலைகளை அள்ளிப்போடும் சத்தம் கேட்டது. "இப்போது வாருங்கள்."

காட்டெருமை பழத்தை உள்ளே தள்ளியது. பழம் வாசலைத் தாண்டவில்லை. "இங்கே இடமே இல்லையே! இதென்ன மேடு?"

"என் படுக்கை, தலைவரே."

"கூரையைத் தொடுகிற படுக்கையா? ஏறிப் படுக்க ஏணி வேண்டுமே!" என்று சொல்லிக்கொண்டே கீரி உள்ளே பாய்ந்தது. பரபரவென்று இலைகளைப் பறித்துத் தள்ளியது.

கிழங்குகள் தடதடவென்று உருண்டன. அடியில் கிடந்தவை அழுகியே போயிருந்தன. குவியல் சரிந்ததும் அதன் பின்னால் ஒரு வால் தெரிந்தது. வாயில் கிழங்கோடு உட்கார்ந்திருந்தது நரி!

"நரியாரே, நீர் இங்கே என்ன செய்கிறீர்?" என்றது காட்டெருமை.

"நானும்... படுக்கத்தான் வந்தேன்" என்றது நரி.

பன்றி தர வேண்டிய கிழங்கு முழுவதையும் நரியே சுமந்து களஞ்சியத்தில் சேர்த்தது. பன்றி பின்னாலிருந்து நரியைத் தள்ளிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்த மற்ற விலங்குகளும் தத்தம் பங்கைக் கொண்டுவந்தன. இரண்டு பங்கு என்ற பேச்சே எழவில்லை. முயல் தவறிக் கொடுத்த கிழங்கை மைனா முதல் வேலையாகத் திருப்பிக் கொடுத்தது. குரங்குகள் மர உச்சிக்குத் திரும்பின.

மைனாவுக்கு உதவியாக ஓர் அணிலும் வாசலில் உட்கார்ந்தது. இப்போது வரிசை நீளுவதில்லை.

ஒருநாள் முள்ளம்பன்றி வந்தது. "முட்களில் தானாக விழுந்து குத்திக்கொண்ட நாவல்பழத்துக்கும் வரி உண்டா?" என்று கேட்டது.

"இல்லை, அது உனக்கே" என்றது மைனா.

"நல்லவேளை, கேட்டேன்!" என்று முள்ளம்பன்றி அங்கேயே உட்கார்ந்து பழத்தைச் சுவைத்தது.

நீதி: வரி திரட்டுபவரின் தீனியில் மிச்சம் பிடித்தால், ஏய்ப்பவர் கொழுப்பார், நேர்மையாகத் தருபவர் தவிப்பார்.