பருப்பு வெந்த தண்ணீர்

கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் சொல்லாமல் யாரும் எழுந்து போகக் கூடாது. இந்தக் கதை காதில் விழுந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் மட்டும் நிம்மதியாகக் கேட்டுவிட்டுப் போனால் எப்படி?

கரிசல் பக்கத்து ஊர் ஒன்றில், கண்மாய்க் கரைக்குக் கீழே, வேல்ச்சாமி அண்ணாச்சியின் வணிக வளாகம் இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. பங்கை எடுத்துவிட்டார்கள். பூமிக்குள் புதைத்த தொட்டியை எடுக்க மறந்துவிட்டார்கள். அது யாருக்கும் தெரியாமல் கசிந்துகொண்டே கிடந்தது. பின்சுவரை ஒட்டி மெஸ் நடத்துகிற செண்பகவல்லி ஒரு நாள் மோட்டாரைப் போட, போர்த் தண்ணீர் குப்பென்று பெட்ரோல் வாசத்தோடு வந்தது. அன்றைக்கே அந்தப் போரை மூடினார்கள்; பிறகு தொட்டியையும் தோண்டி எடுத்தார்கள்.

அந்த ஊரில் நிலத்தடி நீர் எங்கே தோண்டினாலும் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆனாலும் குளிக்கவும் கழுவவும் அதை விட்டால் வேறு கதி இல்லை. குடிக்க மட்டும் தெருக்குழாயில் ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். செண்பகவல்லியின் மகள் மங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் போரைத் திறக்க முடியுமா, முடியாதா என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கவலை.

"அண்ணாச்சி, புள்ளத்தாச்சிக்கு வெந்நி வைக்கக்கூட நான் கொடத்தத் தூக்கிக்கிட்டு அலையணுமா? சீக்கிரமா எதாச்சும் பண்ணுங்க" என்று அவள் சுவருக்கு மேலாகக் கத்தாத நாள் இல்லை. அண்ணாச்சிக்கும் மனசு உறுத்தியது. நிலத்தடி நீரைச் சுத்தம் செய்கிறவர்கள் மூன்று பேரை வரவழைத்தார். வளாகத்துக்குள் ஆளுக்கொரு சோதனைக் கிணறு. மழைக்காலம் முடியும்வரை அவரவர் முறையைச் செய்து காட்ட வேண்டும். எவர் கிணறு சுத்தமாகிறதோ அவருக்கே மொத்த வேலையும்.

தர்மராஜ் கிழக்கு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது சாலையோரம், ஊர்க் குடிநீர்க் குழாய் அந்த மண்ணுக்கடியில்தான் போகிறது. கோடையிலும் அங்கே புல் பச்சையாக இருக்கும். அவர் பெரிய பம்பை இறக்கி ஓயாமல் தண்ணீரை இறைத்தார். இறைத்ததைக் கரி நிரப்பிய தொட்டியில் வடிகட்டி வெளியே விட்டார்.

ஸ்டீபன் கிணற்றுக்குள் காற்றை ஊதினார். தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் குமிழியிட்டது. அந்த வாரமே மெஸ்ஸில் சாப்பிட வந்தவர்கள் சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டு இலையை மடித்தார்கள்.

ஹமீதா செய்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. கரும்பாலைக் கழிவுப்பாகைக் கரைத்துக் கிணற்றுக்குள் ஊற்றினார். "மண்ணுல இருக்குற நுண்ணுயிருக்குச் சாப்பாடு போடுறேன். அது தெம்பாகிப் பெட்ரோலையும் தின்னுரும்" என்றார். தண்ணீர் கலங்கலாகி, அழுகல் நாற்றமும் சேர்ந்துகொண்டது.

மழைக்காலம் முடிந்தது. கண்மாய் ததும்பியது. கையால் தோண்டினாலே ஊற்றெடுக்கும் அளவுக்குத் தரையடி நீர் ஏறி நின்றது. மூன்று கிணற்றுத் தண்ணீரும் சோதனைக்கூடத்துக்குப் போய்த் திரும்பின. தர்மராஜின் கிணற்றில் பெட்ரோலே இல்லை. ஸ்டீபனுடையதில் பெயருக்குக் கொஞ்சம். ஹமீதாவுடையதில் முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் இருந்தது.

செண்பகவல்லி சோதனைக்கூடத்தையெல்லாம் நம்புகிறவள் இல்லை. தர்மராஜின் கிணற்றிலிருந்து ஒரு வாளி எடுத்துப்போய்ப் பருப்பை வேகவைத்தாள். தின்னத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. நசுக்கி மட்டும் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, பருப்பு பூவா மலந்து போச்சே! சோப்பு என்னமா நொரைக்கிது, பாருங்க!"

உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெட்ரோலும் போச்சு, உப்பும் போச்சு! தர்மராஜுதான் கெட்டிக்காரன். தாயி, வெள்ளிக்கிழமையே ஒன் போரத் தொறந்துருவோம்" என்றார்.

"சார், எங்க கிணத்துல உப்பு அப்படியே இருக்கு. அத ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க" என்றார் ஹமீதா.

"உப்பா இருக்கதுக்கு ஒரு பரிசாம்மா?" என்று அண்ணாச்சி சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். இப்போது சொல்லுங்கள்: மூவரில் உண்மையாகவே பெட்ரோலைப் போக்கியவர் யார்? அண்ணாச்சி வேலையை யாரிடம் கொடுக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை அந்தப் போரைத் திறக்கலாமா?

விடை: ஹமீதாவிடம்தான். பெட்ரோலைப் பிடிக்கிற கரி உப்பைப் பிடிக்காது. அதுவும் கரித்தொட்டி இருந்தது வெளியே, கிணற்றுக்குள் அல்ல. அப்படியும் கிணற்றில் உப்பு காணாமல் போனது என்றால், அது அந்த நிலத்துத் தண்ணீரே இல்லை. கோடையிலும் அங்கே புல்லைப் பச்சையாக வைத்திருந்த ஓட்டைக் குடிநீர்க் குழாயிலிருந்து பம்பு இழுத்துக்கொண்ட ஆற்றுத் தண்ணீர். பெட்ரோல் கலந்த தண்ணீர் பக்கத்து மண்ணில் அப்படியே நிற்கிறது. பம்பை நிறுத்தினால் திரும்பி வரும். ஸ்டீபன் பெட்ரோலைத் தண்ணீரிலிருந்து ஆவியாகக் கிளப்பிச் செண்பகவல்லியின் அடுப்படிக்கு அனுப்பினார். ஹமீதாவின் கிணற்றில்தான் அதே உப்புத் தண்ணீர் இருந்து, பெட்ரோல் மட்டும் குறைந்திருக்கிறது. அவர் வேலை முடியும்வரை போரைத் திறக்கக் கூடாது.

சரியாகச் சொன்னவர்களும் உட்காருங்கள், எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளில் அந்த ஓட்டை வழியே நல்ல தண்ணீர் வெளியே போகிறது. வராத நாளில் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது; வெளியே பெட்ரோல் கலந்த நீர் குழாய் மட்டத்துக்கு ஏறி நிற்கிறது. அதே ஓட்டை வழியே அன்றைக்கு உள்ளே போவது எது? மங்கை குளிக்கப்போகிற தண்ணீரைப் பற்றி இத்தனை பேர் பேசினோம். அவள் தினமும் குடித்துக்கொண்டிருப்பது அந்தக் குழாய்த் தண்ணீரை. அண்ணாச்சி, போரை விடுங்கள். முதலில் ஓடிப்போய் அந்தக் குழாயை அடைக்கச் சொல்லுங்கள்!