ஒத்தக்கால் உள்ளான்

ஒரு ஊர்ல ஒரு துறைமுகம். அங்க கிரேன் ஓட்டுறவரு தொம்மை. அவருக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு தூண்டில். பொண்டாட்டி பேரு மதலேன். தூண்டிலுக்குப் பேரு வைக்கல, ஆனா பாசம் ரெண்டு மேலயும் ஒண்ணுதான். "ம்" சொல்லு.

போன பங்குனியில தொம்மை அறுத்துப் போட்ட தூண்டில் நரம்பு ஒரு உள்ளான் கால்ல சுத்திக்கிச்சு. உள்ளான்னா குட்டிப் பறவை, சேத்துல குடுகுடுன்னு ஓடும். மதலேன் நரம்ப வெட்டி விட்டா. ஆனா கால் போயிருச்சு. ஒத்தக்காலோட அது வடக்க, பனி மலையெல்லாம் தாண்டிப் பறந்துபோச்சு. அன்னைக்கே மதலேன் தூண்டில எடுத்துப் பரண்ல போட்டா. "அது உசுரோட திரும்பி வந்தத நான் பாக்கணும். அதுவரைக்கும் நீங்க இதத் தொடக் கூடாது"ன்னுட்டா. அப்புறம் தொம்மைக்கு மார்க்கெட் மீன்தான். அவரு மூஞ்சியும் ஐஸ்ல வச்ச மீன் மூஞ்சியா ஆயிருச்சு.

மறுபடியும் பங்குனி வந்துது. மழைக்காலத்துல திரும்பி வந்த பறவையெல்லாம், வடக்க கெளம்புறதுக்கு முன்னாடி துறைமுகத்துல வந்து கூடும். இப்ப விட்டா அடுத்த வருஷந்தான்.

அப்போ அந்த ஒத்தக்கால் உள்ளானத் தேடித் தொம்மை சேத்துல எறங்கினாரு. சளக், புளக். முன்னால ஊசிவால் வாத்துக் கூட்டம், அதுங்கதான் காவக்காரங்க. வாத்து படபடபட, பின்னாலயே உள்ளான் விர்ர்ர். தொம்மையோட ஒரு செருப்பு சேத்துலயே தங்கிருச்சு.

அப்புறம் வள்ளத்துல போனாரு. துடுப்பு சலக்குன்னுச்சு. வாத்து படபடபட, உள்ளான் விர்ர்ர். ம்?

அப்போ மதலேன் சொன்னா, "தொரத்தாதீங்க. கடல் ஏறி சேறு முங்கினா, அதுங்க மேட்டுக்கு வந்துதான ஆகணும்."

ரெண்டு பேரும் மணல் மேட்டுல, கவுத்துப் போட்ட வள்ளத்துக்குப் பின்னால உக்காந்தாங்க. தண்ணி ஏறுச்சு. வாத்து பாட்டுக்கு மெதந்துது. உள்ளான் கூட்டங்கூட்டமா மேட்டுக்கு வந்துது. வந்ததும் என்ன பண்ணுச்சு தெரியுமா? எல்லாமே ஒரு கால வயித்துக்குள்ள மடக்கிக்கிட்டு, ஒத்தக்கால்ல நின்னு தூங்க ஆரம்பிச்சிருச்சு.

தொம்மை கிசுகிசுன்னு, "எளா, இதுல எது உன்னோடது?"

மதலேனுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்போ கப்பல் ஒண்ணு பாம்ம்ம்ம்னு ஊதுச்சு. அத்தன பறவையும் மடக்குன கால டக்குனு கீழ வச்சு, குடுகுடுகுடுன்னு ஓடுச்சு. ஒண்ணு மட்டும் ஓடல. டொக்கு... டொக்கு... டொக்குன்னு தத்திப் போச்சு. உருண்டையா, கொழுகொழுன்னு.

தொம்மைதான் மொதல்ல பாத்து, கை காட்டினாரு. மதலேன் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம், "நல்லாத்தான் தின்னுருக்கு"ன்னா.

வீட்டுக்கு வந்து தூண்டில எடுத்துக் குடுத்தா. தொம்மை அத ஒரு தடவ தடவிப் பாத்துட்டு, திருப்பிப் பரண்லயே வச்சாரு.

"ஏன், வேண்டாமா?"

"அதுங்க கெளம்பட்டும்ளா. அதுவரைக்கும் மார்க்கெட் மீனே போதும்."

என்ன, "ம்" சத்தத்தயே காணோம்? சரி. உள்ளான் ஒத்தக்கால்ல தூங்கட்டும், நீ ரெண்டு காலயும் நீட்டித் தூங்கு. கதை அவ்வளவுதான்.