நாலு சாண், எட்டுச் சாண்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. ஒரு கணக்குக்காக யாராவது மடம் தேடிப் போவார்களா?

சொன்னவர் அந்த மடத்தில் மணல் முற்றம் பெருக்கும் பெரியவர்.

ஏகாம்பரம் என்பவர் ஊர் ஏரியின் மதகுக்காரர். அடைமழையில் கரை உடைந்துவிடக் கூடாது என்று மதகைத் திறந்தார். அப்படியும் கரை உடைந்தது. மதகுத் தண்ணீரும் உடைப்புத் தண்ணீரும் சேர்ந்து கீழத்தெருவுக்குள் போயிற்று. அங்கேதான் அவர் தம்பி வீடு. நாலு பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

ஊரில் யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பத்து வருடம் கழித்து, மடத்தில் கணக்குச் சொல்லித்தரும் திலகவதி அம்மாவிடம் போனார். அவரைவிட இருபது வயது இளையவர்.

"அம்மா, என் மதகு எவ்வளவு, உடைப்பு எவ்வளவு? பிரித்துக் கொடுங்கள்."

"பார்த்ததைச் சொல்லுங்கள் ஐயா."

சொன்னார். கரை உடைந்து ஒரு மணி நேரத்தில் கோயில் சுவரில் நாலு சாண் தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் எட்டுச் சாண். தெரியாதவை இரண்டென்றால் இரண்டு வரி போதும் என்று பள்ளியில் படித்திருந்தார். பத்து வருடமாக அந்த நம்பிக்கையில்தான் உயிரோடு இருந்தார்.

அம்மா மணலில் எழுதினார்.

ஒரு மணி மதகு, ஒரு மணி உடைப்பு: நாலு சாண்.

இரண்டு மணி மதகு, இரண்டு மணி உடைப்பு: எட்டுச் சாண்.

குச்சியை அவரிடம் நீட்டினார். "ஒன்று தெரிய வேண்டுமானால் மற்றதை ஒழிக்க வேண்டும். உடைப்பை ஒழியுங்கள்."

ஏகாம்பரம் முதல் வரியை இரட்டித்தார். இரண்டாவதிலிருந்து கழித்தார்.

உடைப்பு போயிற்று. கூடவே மதகும் போயிற்று. சாணும் போயிற்று.

மணலில் ஒரு பூஜ்யம். எதிரே இன்னொரு பூஜ்யம்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

"தப்பு எங்கே அம்மா?"

"கணக்கில் தப்பில்லை. ஒன்றையே இரண்டு தடவை சொல்லியிருக்கிறீர்கள்."

"அப்படியானால் விடை?"

"எதைச் சொன்னாலும் பொருந்தும். எல்லாம் உங்கள் மதகுத் தண்ணீர் என்றாலும் சரி, ஒரு சொட்டும் இல்லை என்றாலும் சரி."

அவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மெதுவாகக் கேட்டார்.

"கரை உடைந்த பிறகு மதகைக் கொஞ்ச நேரமாவது மூடினீர்களா? மூடியிருந்தால் வேறொரு வரி கிடைத்திருக்கும்."

"மூடியிருந்தால் என் தம்பி கிடைத்திருப்பானா?"

அம்மா குச்சியை அவர் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

கதை எப்போதும் இங்கே நின்றுவிடும். பெரியவர் துடைப்பத்தை எடுத்துக்கொள்வார்.

போன மாசியில் மடத்துக்குப் போயிருந்தேன். அம்மா காலமாகி எட்டு வருடம் ஆகிறது. பெருக்கி முடித்த முற்றத்தின் மூலையில், மணலில் இரண்டு வரிகள். கீழே இரண்டு பூஜ்யங்கள். அன்று காலை எழுதியவை.

இத்தனை வருடத்தில் பெரியவரின் பெயரை நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"ஐயா, மதகை ஏன் மூடவில்லை?"