ஓணானைக் கேட்டு மை தீட்டிய அணில்

ஒரு காட்டில் அழகு நிலையம் வைத்திருந்த கரடிக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. வந்து சேர்ந்தது ஓர் அணில். அதன்பிறகு கரடி பட்ட பாட்டைக் கேளுங்கள், குழந்தைகளே.

அணில் அலங்காரக் கலையைச் செல்போனிலேயே படித்தது. பாடம் நடத்திய மயில் எங்கோ தூரத்து மலையில் இருந்தது. அணில் ஒரு புருவம் வரைந்து படம் அனுப்பும். மயில் 'சரி' என்று பச்சைக் குறி அனுப்பும். குறி வந்த பிறகுதான் அணில் அடுத்த புருவத்தைத் தொடும். இப்படியே படித்து முதல் வகுப்பில் தேறிவிட்டது.

கை நல்ல கைதான். அதனால்தான் கரடிக்கு இன்னும் எரிச்சல்.

முதல் நாள் காட்டுப்பன்றியின் மீசையை ஒரு பக்கம் அழகாகத் திருத்திவிட்டு, "அக்கா, இது சரியா இருக்கா?" என்று கேட்டது. மறுபக்கம் பாதியில் மறுபடியும் கேட்டது.

"சரியாத்தான்டி இருக்கு. உனக்குக் கண்ணு இல்லையா?" என்றது கரடி.

"இருக்கு அக்கா. ஆனா நீங்க சொன்னாத்தான் தைரியமா இருக்கு."

சொல்லிச் சொல்லிக் கரடிக்குத் தொண்டை வறண்டுபோனது.

அந்த வாரமே புள்ளிமானுக்குக் கல்யாணம். கல்யாண வீட்டில் கரடி, பெண்ணின் தாயாருக்குக் குளம்பில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தது. அணில் மணப்பெண்ணின் கண்ணுக்கு மெல்லியதாக மை தீட்டியது. அத்தோடு விட்டிருந்தால் எவ்வளவு அழகு. விடுமா?

"அக்கா, இது சரியா?"

கரடிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன்டி என் உயிரை வாங்குறே? அதோ வேலியில ஓணான் உட்கார்ந்திருக்கு. அதைப் போய்க் கேளு."

எரிச்சலில் சொன்னதை யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்களா? அணில் எடுத்துக்கொண்டது.

"ஓணான் அண்ணே, இன்னும் கொஞ்சம் மை போடலாமா?"

ஓணான் தலையாட்டியது. வேலியில் உட்கார்ந்தால் ஓணான் தலையாட்டத்தான் செய்யும். அதற்கு மையும் தெரியாது, மணப்பெண்ணும் தெரியாது.

அணிலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பொட்டைப் பெரிசாக்கட்டுமா?" ஓணான் தலையாட்டியது. "கன்னத்துல இன்னும் சிவப்பு?" அதற்கும் தலையாட்டியது.

"கண்ணு எரியுதும்மா," என்றது மான்.

அணில் வேலிப் பக்கம் திரும்பி, "எரியுமா அண்ணே?" என்றது. பிறகு மானிடம், "எரியத்தான் செய்யுமாம். பொறுத்துக்கோங்க," என்றது.

மேளச் சத்தம் நெருங்கியது. மாப்பிள்ளை மான் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. "மன்னிக்கணும், இடம் மாறி வந்துட்டேன் போல," என்று திரும்பி நடந்தது. கரடி போட்டது போட்டபடி அதன் பின்னால் ஓடியது.

மணப்பெண் பதறிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் முகம் பார்த்தது. கண் இரண்டும் அடிப்பிடித்த சட்டிபோல் இருந்தன.

அணில் வேலிக்கு ஓடியது. "நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

"ஓணானை ஏன் கேக்குறே?" என்றது மான். அழுகையை அடக்க முடியவில்லை அதற்கு. "இவ்வளவு நேரமும் உன் எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?"

அணில் அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தது.

நீதி: தன் வேலையைத் தானே பார்த்துச் சரி சொல்லத் தெரியாதவர், யார் தலையாட்டினாலும் நம்பிவிடுவார்.