இருநூறு சீட்டின் வேகம்

மாவட்ட மருத்துவமனையின் பதிவறையில் நாற்பது லட்சம் நோயாளிச் சீட்டுகளைக் கட்டிக் காத்தவள் பூங்காவனம். அத்தனையையும் கணினியில் ஏற்றி வைத்துத் தேடியெடுக்க நல்ல டேட்டாபேஸ் மென்பொருள் தேடினார் மருத்துவமனை டீன். விற்பனையாளர் தீனதயாளன் டை கட்டிக்கொண்டு வந்து தன் கணினியில் ஒரு பெயரைத் தட்டினார். கண் இமைப்பதற்குள் விவரம் திரையில் நின்றது.

டீன் அசந்துபோய்ப் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார். "இந்த வேகத்துல சீட்டு எடுப்பியாம்மா? இல்லேன்னா நாளையிலேர்ந்து வார்டு பெருக்கப் போ."

"எடுக்கறேங்கய்யா. சார் பெட்டிக்குள்ள எத்தனை பேர் இருக்காங்க?"

"மாதிரிக்கு இருநூறு பேர்," என்றார் தீனதயாளன்.

பூங்காவனம் உள்ளே போய் இருநூறு சீட்டுள்ள ஒரு தட்டை மட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவர்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு கையில் இருந்தது.

"சார் பாரத்தை நான் தூக்கிட்டேன். என் பாரத்தை அவரும் தூக்கட்டும்யா. பொய்ப் பேராவது நாற்பது லட்சம் ஏத்தி, திங்கக்கிழமை கூட்டம் மாதிரி நாலு கவுன்டர்லயும் சேர்ந்து தேடச் சொல்லுங்க."

மறுநாள் அப்படியே ஏற்றித் தேடினார்கள். டீன் தேநீரைக் குடித்து முடித்தார். திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தீனதயாளன் டையைத் தளர்த்தினார்.

அடுத்த விற்பனையாளர் பையைத் திறக்குமுன்பே டீன் சொன்னார்: "முதல்ல நாற்பது லட்சம் ஏத்துங்க. பேரை இந்தம்மா சொல்லுவாங்க."