ஒன்றாம் எண் ஜாதகம்

"டீச்சர், கம்ப்யூட்டர் படுத்தி எடுக்குது. காலையில ஆன் பண்ணிட்டுக் குளிச்சு, சாப்பிட்டு, பேப்பர் முழுக்கப் படிச்சிட்டு வந்தாலும் திறக்க மாட்டேங்குது."

வைத்திலிங்கம் சங்கரன்கோவிலில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். வயது அறுபத்தேழு. அவர் டீச்சர் என்று கூப்பிடுகிற ரெஜினாவுக்கு முப்பத்தேழு. பத்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். அன்றிலிருந்து அவள் வந்தால் எழுந்து நிற்பார். தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ரெஜினா பெட்டியைக் கழற்றினாள். உள்ளே ஒரு கை தூசி. தூசிக்குள் ஒரு பல்லிக்குட்டி, காய்ந்து காகிதமாகிக் கிடந்தது.

எல்லாவற்றையும் துடைத்தாள். தேவையில்லாத புரோகிராம்களை நிறுத்தினாள். குப்பை ஃபைல்களை அழித்தாள்.

கம்ப்யூட்டர் அசையவில்லை. உள்ளே விசிறி மட்டும் இரைந்துகொண்டே இருந்தது.

"ஒண்ணு மட்டும் நிக்காம ஓடுது, ஐயா."

"என்னது?"

"நீங்க வச்ச வேலைதான். பொருத்தம் பாக்குது. மொத்தம் எத்தனை ஜாதகம் இருக்கு?"

"பதினோராயிரத்துச் சொச்சம்."

"கல்யாணம் முடிஞ்சவங்களை எடுக்கலையா?"

"பேரை அடிக்கக் கூடாது டீச்சர். ஆகாது. நோட்டு இருந்த காலத்துல, முடிஞ்ச பேர் மேல ஒரு பொட்டு மஞ்சள் வைப்பேன். அதோட சரி."

"இதுல எங்க வச்சீங்க மஞ்சளை?"

வைத்திலிங்கம் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இதுக்கு யாரும் முடிஞ்சவங்க இல்ல. விடிஞ்சா பதினோராயிரம் பேருக்கும் வரன் தேடுது."

அவள் பட்டியலைத் திறந்து பெயர்களைப் படிக்க ஆரம்பித்தாள்.

"உலகம்மாள்?"

"கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க. திருப்பூர்ல இருக்கா."

"கோமதிராஜ்?"

"போன தையில பைக்ல அடிபட்டுப் போயிட்டான், பாவம்."

"அவருக்கு இன்னிக்குக் காலையில ஏழு பொண்ணு பொருந்தியிருக்கு."

விசிறி இரைந்தது.

"யார்கிட்டருந்து தேட ஆரம்பிக்குது, ஐயா?"

"ஒண்ணாம் நம்பர்லருந்து."

"ஒண்ணு யாரு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். ரெஜினாவே ஒன்றாம் எண் ஜாதகத்தைத் திறந்தாள்.

செண்பகவல்லி. தகப்பனார் பெயர் வைத்திலிங்கம். வயது நாற்பத்தொன்று.

படத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்துநாலுக்கு மேல் சொல்ல முடியாது.

"இவங்க?"

"மூளைக்காய்ச்சல். பதினேழு வருஷமாச்சு."

"கம்ப்யூட்டர் வந்தே பத்து வருஷம்தானே. இந்தப் பேரை நீங்கதானே டைப் பண்ணீங்க? நான் பக்கத்துல நின்னேனே."

"நோட்டுல அவதான் முதல் பேரு டீச்சர். அவளுக்கு மாப்பிள்ளை தேடித்தான் இந்தத் தொழிலே ஆரம்பிச்சேன். அவளை விட்டுட்டு ரெண்டாவது பேர்லருந்து எப்படி டைப் பண்ணுவேன்?"

"வயசு?"

"அதை நான் போடல. வருஷா வருஷம் அதுவே கூட்டிக்குது."

அவர் சொன்னது நிஜம். அவள் பிறந்த ஆவணி மூலம் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டி செத்துப்போன பெண்ணுக்கு ஒரு வயது ஏற்றியிருந்தது. முதலில் முப்பத்துநாலு வயதுப் பையன்களைக் காட்டியது. பிறகு நாற்பது. இப்போது மனைவியை இழந்தவர்களாகப் பார்த்துக் காட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ரெஜினா அறையை நன்றாகப் பார்த்தாள். நாலு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. மேஜையில் தட்டு நிறைய வெற்றிலை பாக்கு. பக்கத்தில் வாழையிலையில் மல்லிகைப்பூ.

"யாராவது வாராங்களா, ஐயா?"

"புளியங்குடியிலருந்து. இது தானா மெசேஜ் அனுப்பியிருக்கு. பத்துக்கு ஒன்பது பொருத்தம். நேத்து போன் பண்ணாங்க, பதினோரு மணிக்குப் பொண்ணு பாக்க வரலாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை ஒன்றும் இல்லை.

"வாங்கன்னு சொல்லிட்டேன்."

ரெஜினா மல்லிகைப்பூவைப் பார்த்தாள்.

"வயசு ஏறிக்கிட்டே போகுது டீச்சர். இன்னும் எத்தனை நாளைக்கு வீட்டுல வச்சிருக்க?"

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு மவுஸைத் தொட்டாள்.

"அவ பேரை எடுத்துடாதீங்க. கால்ல வேணா விழுதேன்."

அவள் கையை எடுத்துவிட்டாள். எழுந்து போய், வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உட்காருகிற மாதிரியே.

"பொண்ணை வரச் சொல்லுங்க, ஐயா."

வைத்திலிங்கம் திரும்பினார். உள்ளறை வாசலில் திரைச்சீலை தொங்கியது.

"செண்பகம்."

திரை லேசாக ஆடியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"செண்பகம், வாம்மா. வந்திருக்காங்க."

திரை ஆடி நின்றது. பெட்டிக்குள் விசிறி இரைந்துகொண்டிருந்தது. அவர் மூன்றாம் தடவை கூப்பிட வாயைத் திறந்தார். நின்றபடியே, சின்னப்பிள்ளை போல் ஏங்கி ஏங்கி அழுதார்.

ரெஜினா நாற்காலியைவிட்டு எழவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. கதவுகள் திறந்து சாத்தும் சத்தம். ஒரு பெண்குரல் வீட்டு நம்பரைச் சரிபார்த்தது.

வைத்திலிங்கம் முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனார். வந்தவர்களைக் கும்பிட்டார்.

"மன்னிக்கணும். என் மக இறந்து பதினேழு வருஷம் ஆகுது. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. உங்க பையனுக்கு நல்ல இடமா நான் பாத்துத் தாரேன்."