கூரியின் நீளக் கயிறு

அந்தக் காலத்தில், விலங்குகள் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, ஊர் மன்றத்தில் நாயின் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. பூனை பாதியை மறைக்கும், காகம் நடக்காததையும் சேர்த்துச் சொல்லும். நாயோ மூக்கு அறிந்ததை மட்டுமே வாயால் சொல்லும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆகையால் களவு நடந்த இடத்துக்குக் காவலர்கள் நாயை அழைத்துச் சென்றார்கள். நாயின் கழுத்துக் கயிறு அப்போது ஒரு முழம்தான். காவலர் முன்னே நடப்பார். நாய் அவர் முழங்காலை ஒட்டி வரும். கள்ளனின் எதிரே நின்று, "இவன்தான்" என்று சொல்லும்.

ஏழுமதகூரின் காவலர் அழிசி. அவருடைய பெட்டை நாயின் பெயர் கூரி. ஒன்பது ஆண்டுகளில் அது ஒரு முறையும் தவறியதில்லை. அந்தப் பெருமையில் பாதியைத் தமக்கென எடுத்துக்கொள்ள அழிசி தயங்கியதுமில்லை.

விதைப்புக்கு நான்கு நாள் இருக்கையில், பொதுக் களஞ்சியத்தில் விதைநெல்லை வைக்கோல் புரியால் உருண்டையாகக் கட்டி வைத்திருந்த கோட்டைகளில் பதினொன்று காணாமற்போயின. விதை போனால் ஓராண்டுச் சோறு போயிற்று. அன்று காலையில் ஊரில் எவரும் எவரையும் நேராகப் பார்க்கவில்லை. தண்ணீர்த் துறைக்கு வந்த பெண்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் திரும்பினார்கள். அடுத்த வீட்டு முற்றத்தில் நெல்மணி சிந்திக் கிடக்கிறதா என்று வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தவர்களும் உண்டு.

களஞ்சியக் காப்பாளர் நாகன் உள்ளே வேப்பிலைப் புகை போட்டிருந்தார், பூச்சிக்கு என்றார். புகைக்குள் நின்றபடியே வாசற்படியைச் சுட்டிக் காட்டினார். அங்கே, பாரம் தூக்குகிறவர்கள் தலையில் சுருட்டி வைத்துக்கொள்ளும் சும்மாட்டுத் துணி ஒன்று கிடந்தது.

"கள்ளன் விட்டுப்போனது, அண்ணே. நான் தொடவே இல்லை. வாசனை கெட்டுவிடக்கூடாதே என்று குச்சியால் தள்ளி வைத்தேன்."

கூரி அதை முகர்ந்துகொண்டிருக்கையில் நாகன் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்லக்கூடாதுதான். உப்பு வண்டிக்காரன் தாயன், அச்சு முறிந்தது என்று மூன்று நாளாக இங்கேயே கிடக்கிறான். பதினொரு கோட்டை, வண்டி இல்லாமல் எப்படிப் போகும்? நீங்கள் யோசிக்கத் தெரிந்தவர்."

அழிசி யோசித்தார். அச்சு முறிந்ததா, முறிக்கப்பட்டதா? வந்த அன்று தாயன் தம்மைக் கண்டதும் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு எதற்கு? மன்றத்துக்கு வந்து சேர்வதற்குள் தாயனைப் பற்றி அவர் அறிந்த நல்லதெல்லாம் கெட்டதாகத் திரும்பியிருந்தது.

நாகன் அழைத்து நிறுத்திய முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அழிசி முன்னே நடந்தார். தாயனின் எதிரே வந்தபோது, கயிற்றைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் அவரை அறியாமலே மடங்கின. மடங்கியது எள்ளளவுதான். கூரி நின்றது. தாயனை முகர்ந்தது, அழிசியின் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"இவன்தான்" என்றது.

"நன்றாக மோந்து பார், தாயே!" என்றார் தாயன். "என் மேல் உப்பைத் தவிர வேறு வாசனை ஒட்டுமா? ஒரு மீனை என் தோளில் போட்டால் கருவாடாகிவிடும்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள். மன்றத் தலைவி நல்லினி தீர்ப்புச் சொன்னார்: மாடுகளும் வண்டியும் ஊருக்கு, பொழுது சாய்வதற்குள் தாயன் எல்லையைத் தாண்ட வேண்டும், திரும்பி வரக்கூடாது. மாடும் வண்டியும் இல்லாத உப்பு வணிகன் என்ன ஆவான் என்பதை எவரும் கேட்கவில்லை.

நண்பகலில் அழிசி கேழ்வரகுக் களியில் மோர் விட்டுப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கூரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தச் சும்மாட்டு வாசனை தாயனிடம் இல்லை."

அழிசியின் கை அப்படியே நின்றது. "பிறகு ஏன் சொன்னாய்?"

"நீதான் சொல்லச் சொன்னாய்."

"நான் வாயே திறக்கவில்லையே!"

"உன் கை சொன்னது. ஒன்பது ஆண்டாக அந்தக் கையில்தான் உண்கிறேன். அது இறுகினால் எனக்குத் தெரியாதா? மூக்கு இல்லை என்றது, கை ஆம் என்றது. என் வாய் சோறு வரும் பக்கம் சாய்ந்துவிட்டது."

அழிசி தம் கையைப் பார்த்தார். முன்பு பார்த்திராத ஒருவரின் கையைப் போல அது தோன்றியது.

"இதற்கு முன்னால்?" என்று தொடங்கினார்.

"அதையும் கேட்கப்போகிறாயா?" என்றது கூரி.

அவர் கேட்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பொய்ச் சான்று சொன்ன வாய் மறுபடி பேசக்கூடாது. மன்றத்தின் சட்டம் உனக்குத் தெரியும்."

"தெரியும். எழுந்திரு. அங்கே அவனுடைய மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்."

மன்றத்தில் அழிசி ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். நல்லினி அவர் பக்கம் திரும்பினார்.

"நாயின் வாய்க்குச் சட்டம் இருக்கிறது. உங்கள் கைக்கு என்ன செய்வது, காவலரே?"

"பின்னுக்குத் தள்ளிவிடுங்கள், அம்மா. அது கூரிக்கு எட்டவே கூடாது."

கிணற்றிலிருந்து இறைகயிற்றை அவிழ்த்துவந்து கூரியின் கழுத்தில் கட்டினார்கள்.

"ஒரு முறை பொய் சொன்ன நாயை மறுபடி நம்புவதா?" என்று நாகன் குரலை உயர்த்தினார். "அசலூரான் கேட்டால் சிரிப்பான்!"

"இனி அது எதையும் சொல்லப்போவதில்லையே" என்றார் நல்லினி. "இந்த முறை எல்லாரும் நிற்போம். நானும் நிற்கிறேன், நீங்களும் நில்லுங்கள்."

கூரி கடைசியாக ஒன்று பேசியது. "யார் மேல் உங்களுக்கு ஐயம் என்பதை இனி எந்தக் காவலரின் காதிலும் போடாதீர்கள்." அதற்குப் பிறகு அது வாய் திறக்கவில்லை. மற்ற உயிர்கள் பேச்சை விட்டதற்கு வேறு காரணங்கள் உண்டு. நாய் விட்டது இப்படித்தான்.

சும்மாட்டை மறுபடி முகர்ந்துவிட்டுக் கூரி முன்னே போயிற்று. அழிசி கயிற்றின் மறுமுனையில், தரையைப் பார்த்தபடி பின்னே போனார். கூரி தாயனைக் கடந்தது, நல்லினியைக் கடந்தது. நாகனின் எதிரே வந்தது. காலையில் போட்ட புகை அவர் வேட்டியில் இன்னும் இருந்தது. ஆனால் இப்போது அவருக்கு வியர்த்திருந்தது, அந்த வாசனை புகையையும் மீறி வந்தது. கூரி மூக்கை ஒரு முறை உயர்த்தியது. ஓசையின்றி உட்கார்ந்தது. பிறகு தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. கயிறு மண்ணில் துவண்டு கிடந்தது.

"களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது" என்றார் நாகன். "ஏய், எழுந்து போ!"

கூரி எழவில்லை.

"சும்மாட்டைத் தொடவே இல்லை என்றீர்களே, நாகரே" என்றார் நல்லினி. "தொடாத துணியில் உங்கள் வியர்வை எப்படி ஏறியது?"

நாகனின் கை தானாகத் தலையில் சும்மாடு வைக்கும் இடத்துக்குப் போயிற்று. அவருடைய வைக்கோற்போரைப் பிரித்தபோது பதினொரு கோட்டைகளும் உள்ளே இருந்தன.

மறுநாள் அச்சைச் சரிசெய்துகொண்டு புறப்பட்ட தாயன், கூரியின் அருகே வண்டியை நிறுத்தினார். "பேச்சுப் போனால் என்ன? உப்பு வேண்டுமானால் வாலை ஆட்டு, வந்துவிடுகிறேன்" என்றார். அழிசியிடம் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அழிசியும் அதை எதிர்பார்க்கவில்லை.

அன்று முதல்தான் மோப்ப நாய் முன்னே செல்கிறது. காவலர் யார் மேல் ஐயம் என்று கேட்டறியாமல், நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னே செல்கிறார். தேடியது கிடைத்தாலும் நாய் குரைப்பதில்லை, உட்காருகிறது. உட்கார்ந்ததும் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறது. அது பாராட்டுக்காகப் பார்க்கிறது என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். கயிறு தளர்ந்துதான் இருக்கிறதா என்று அது பார்க்கிறது.